தங்கள் தனித்தீவில் கட்டணமில்லாக் கடற்கரை சுருக்கப்பட்டது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் நிறுவனத்தின் நெடுநாள் பயணி
(பெயர், முகவரி, முன்பதிவு எண் ஆகியவை இணைப்பில் உள்ளன)

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
பயணிகள் உறவுப் பிரிவு

பொருள்: கப்பல் பயணக் கட்டணத்தில் அடங்கியதாக விற்கப்பட்ட பஹாமாஸ் தனித்தீவுக் கடற்கரையின் பெரும்பகுதி தனிக்கட்டணப் பகுதியாக மாற்றப்பட்டிருப்பதும், அது முன்கூட்டித் தெரிவிக்கப்படாததும் தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

கடந்த குளிர்காலத்தில் மயாமியிலிருந்து புறப்பட்ட தங்கள் கப்பலில் நான் என் தாயார், கணவர், பிள்ளைகள் ஆகியோருடன் பயணம் செய்தேன். அந்தப் பயணத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு முதன்மையான காரணம், தங்களுக்குச் சொந்தமான தீவில் ஒரு முழு நாளைக் கழிக்கலாம் என்பதும், கடற்கரையும் மதிய உணவும் கட்டணத்திலேயே அடங்கும் என்று தங்கள் விளம்பரக் கையேடும் முன்பதிவுச் சீட்டும் கூறியதுமே ஆகும். தீவில் இறங்கிய பிறகுதான், நாங்கள் முன்பு அறிந்திருந்த வளைகுடாக் கடற்கரை கயிறு கட்டிப் பிரிக்கப்பட்டிருப்பதையும், அதன் அமைதியான, நிழலுள்ள பகுதிகள் எல்லாம் தனியே பணம் கட்டியவர்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருப்பதையும் கண்டோம். மற்றவர்களுக்கு எஞ்சியிருந்தது இறங்குதுறையை ஒட்டிய, பாறை கலந்த ஒரு குறுகிய மணற்பட்டை மட்டுமே. பணம் வாங்கும்போது சொல்லப்பட்ட பொருள் ஒன்றும் கையில் கிடைத்த பொருள் வேறொன்றுமாக இருந்தது என்பதே என் புகார்.

மாற்றமே கூடாது என்று நான் கோரவில்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்த விரும்புகிறேன். நாங்கள் முதன்முதலில் வந்த காலத்தில் தீவுக்கு இறங்குதுறை கிடையாது. கப்பல் ஆழமான நீரில் நங்கூரமிட்டு நிற்கும், பயணிகள் டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் ஏறிக் கரைசேர வேண்டும். அலை சற்று ஓங்கினாலே படகிலிருந்து இறங்குவது முதியவர்களுக்குப் பெரும்பாடு. காற்று பலமானால் தீவுக்கே செல்லாமல் கப்பல் திரும்பிவிடுவதும் உண்டு. என் தாயாருக்கு முழங்கால் வலி உள்ளது. இம்முறை அவர் சக்கர நாற்காலியிலேயே கப்பலிலிருந்து நேராகக் கரைக்கு வர முடிந்தது. இறங்குதுறையைக் கட்டியதற்காக நான் தங்களுக்கு நன்றி சொல்லவே விரும்புகிறேன். அந்தத் துறையைக் காரணமாகக் கொண்டு தீவின் மற்ற எல்லாவற்றையும் மாற்றியதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

அப்போது தீவில் இருந்தவை மிகக் குறைவு. ஓலைக்கூரை வேய்ந்த உணவுக் கொட்டகை, சில கழிப்பறைகள், அஞ்சல் அட்டை விற்கும் சிறு கடை, பக்கத்துத் தீவிலிருந்து வரும் பெண்கள் தாங்கள் முடைந்த கூடைகளையும் தொப்பிகளையும் பரப்பி வைக்கும் நீண்ட மேசைகள் ஆகியவற்றைத் தவிர வேறு கட்டடங்கள் எனக்கு நினைவில்லை. கரையோரம் முழுவதும் கடல் திராட்சை மரங்கள் தாழ்ந்து படர்ந்திருந்தன. அவற்றின் அகன்ற, தடித்த இலைகளின் கீழே யார் வேண்டுமானாலும் துண்டை விரித்து உட்காரலாம். சாய்வு நாற்காலி கிடைக்காதவர்களும் நிழலில்லாமல் தவித்ததில்லை. வளைகுடாவின் கிழக்கு முனையில் இடுப்பளவு நீரிலேயே பவளத்திட்டு தொடங்கிவிடும். நீச்சல் சரியாகத் தெரியாத என் மகள், முகமூடியை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே கிளிமீன்கள் பவளத்தைக் கொறிப்பதைப் பார்த்தாள். இவற்றில் எதற்கும் தனிக்கட்டணம் இல்லை.

இத்தகைய தீவுகள் ஏன் உருவாயின என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் என் வாதத்துக்கு அது தேவைப்படுவதால் குறிப்பிடுகிறேன். வெளிநாட்டுக் கொடியுடைய, அதாவது வேறொரு நாட்டில் பதிவான, கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி, வேறெந்த நாட்டையும் தொடாமல் மற்றோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட 1886-ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சட்டம் அனுமதிப்பதில்லை. அதன் நடைமுறை விதிகளின்படி, புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பிவரும் பயணமாயினும், வழியில் வேறு அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகள் இறங்குவதானால், இடையில் ஓர் அயல்நாட்டுத் துறையையாவது தொட வேண்டும். ஃபுளோரிடாவிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் எட்டக்கூடிய பஹாமாஸ் அதற்கு மிகவும் ஏற்றதாக அமைந்தது. நார்வீஜியன் கப்பல் நிறுவனம் 1977-இல் பஹாமாஸின் கிரேட் ஸ்டிரப் கே தீவை வாங்கியபோது, கூட்டமும் கடைத்தெருவும் இல்லாத ஒரு வெறுங்கடற்கரையைப் பயணிக்குத் தருவதே புதுமையாகக் கருதப்பட்டது. ஹாலந்து அமெரிக்கா நிறுவனம் 1996-இல் சுமார் 60 லட்சம் டாலருக்கு வாங்கிய லிட்டில் சான் சல்வடோர் தீவின் பரப்பு ஏறத்தாழ 2,400 ஏக்கர். அதில் மிகச் சிறிய பகுதியில் மட்டுமே கட்டடங்கள் எழுந்தன. மீதி நிலத்தை அப்படியே விட்டுவைத்ததையே அந்நிறுவனம் தன் பெருமையாகச் சொல்லிவந்தது. தங்கள் தீவும் எங்களுக்கு அறிமுகமானபோது இந்த வகையைச் சேர்ந்ததாகவே இருந்தது, அப்படித்தான் விற்கவும் பட்டது.

2019-ஆம் ஆண்டு ஒரு திருப்பம் என்பதை நான் அறிவேன். ராயல் கரீபியன் கப்பல் நிறுவனம் பஹாமாஸில் உள்ள தன் கோகோகே தீவில் 25 கோடி டாலர் செலவிட்டு, 135 அடி உயரமுள்ள நீர்ச்சறுக்கையும், பயணிகளை 450 அடி உயரத்துக்குத் தூக்கிச் செல்லும் ஹீலியம் பலூனையும், பெரிய நன்னீர்க் குளத்தையும் அமைத்துத் திறந்தது. அதன் பின்னர் இத்துறையில் உள்ள ஏனையோரும் அதே வழியில் செல்லத் தொடங்கினர். 2025 ஜூலையில் கிராண்ட் பஹாமா தீவில் கார்னிவல் நிறுவனம் திறந்த கடற்கரை வளாகத்துக்கு 60 கோடி டாலர் செலவானதாக அறிவிக்கப்பட்டது. கப்பல்களும் பெருத்துவிட்டன. 2024-இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் 7,600 பயணிகள் வரை செல்ல முடியும். இத்தனை பேரைக் கரையிறக்கும்போது ஓலைக்கொட்டகையும் நான்கு மேசைகளும் போதாது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் கோகோகேயில் நீர்ச்சறுக்குப் பூங்காவுக்குத் தனிக்கட்டணம் என்பது புதிதாகக் கட்டிய ஒன்றுக்கு வாங்கும் விலை. தங்கள் தீவிலோ எதுவும் புதிதாகக் கட்டப்படாத பழைய கடற்கரையைச் சுற்றிக் கயிறு கட்டி, நேற்றுவரை கட்டணத்தில் அடங்கியிருந்த மணலுக்கே இன்று விலை கேட்கப்படுகிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருத என்னால் இயலவில்லை.

அன்று நடந்ததைச் சுருக்கமாகத் தெரிவிக்கிறேன். காலை உணவு முடிந்தவுடனேயே நாங்கள் இறங்கிவிட்டோம். துறையின் மறுபக்கத்தில் தங்கள் நிறுவனத்தின் இன்னொரு கப்பலும் நின்றிருந்தது. ஒரே நாளில் இரண்டு கப்பல்கள் வரும் என்ற தகவல் பயண அட்டவணையில் எங்கும் இல்லை. வளைகுடாவை நோக்கி நடந்தபோது வழியில் ஒரு தடுப்பு இருந்தது. மணிக்கட்டில் நீலப் பட்டை அணிந்தவர்கள் மட்டுமே உள்ளே செல்லலாம் என்று அங்கிருந்த பணியாளர் பணிவுடன் கூறினார். பட்டையின் விலையைக் கேட்டோம். எங்கள் குடும்பத்துக்கு அது, பயணக் கட்டணத்தில் ஒரு நாளுக்கு வரும் பங்கைவிட அதிகமாக இருந்தது. பொதுப் பகுதிக்குத் திரும்பியபோது சாய்வு நாற்காலி ஒன்றுகூட மீதமில்லை. குடைகள் வாடகைக்குத்தான் என்றும், அன்றைக்கான குடைகள் அனைத்தும் கப்பலிலேயே முன்பதிவாகிவிட்டன என்றும் சொன்னார்கள். நிழலுக்கென முன்பிருந்த கடல் திராட்சை மரங்கள் அப்பகுதியில் வெட்டப்பட்டிருந்தன. எழுபது வயதைக் கடந்த என் தாயார் சக்கர நாற்காலியில் வெயிலில் இருக்க முடியாமல், நண்பகலுக்கு முன்பே கப்பலுக்குத் திரும்ப நேர்ந்தது. என் கணவரும் அவருடன் சென்றுவிட்டார். குடும்பமாகக் கடற்கரையில் இருப்பதற்காகவே வந்த நாள் அது.

இதற்காகத் தங்கள் பணியாளர்களை நான் குறை கூறவில்லை. தடுப்பருகே நின்றவரும் உணவு பரிமாறியவர்களும் கனிவுடன் நடந்துகொண்டார்கள். நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான பயணிகளிடம் அதே மறுப்பைச் சொல்லி, அவர்களுடைய கோபத்தையும் ஏற்கும்படி அவர்களை நிறுத்தியிருப்பது நிர்வாகத்தின் முடிவு. கூடை முடைந்து விற்ற பெண்களின் மேசைகளைத் தேடினேன். அவை இருந்த இடத்தில் தங்கள் நிறுவன முத்திரை பொறித்த பொருள்களை விற்கும் கட்டடம் ஒன்று இருந்தது. அந்தத் தீவு எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதை அங்கே நான் பார்த்த எந்தப் பொருளும் காட்டவில்லை என்பதையும் வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

மரங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். தீவின் மேற்குப் பக்கத்தில் இருந்த சவுக்கு மரங்களை அகற்றியிருந்தால் நான் அதைப் பாராட்டியிருப்பேன். பஹாமாஸில் சவுக்கு வெளியிலிருந்து வந்து பரவி, கரையோரத்து உள்நாட்டுச் செடிகளை வளரவிடாமல் செய்யும் மரம். ஆனால் அவை அப்படியே நிற்கின்றன. வெட்டப்பட்டவை, வேரால் மணலைப் பிடித்துக் கரையைக் காக்கும் கடல் திராட்சை மரங்கள். அவற்றுக்குப் பதிலாக வரிசையாக நடப்பட்டுள்ள தென்னை அந்த மண்ணுக்கு உரிய மரமன்று, நிழலும் தருவதில்லை, புகைப்படத்துக்கு மட்டுமே அழகு. கிழக்கு முனைப் பவளத்திட்டு இருந்த இடத்தின் வழியாகவே இறங்குதுறைக்கான கப்பல் பாதை ஆழப்படுத்தப்பட்டுள்ளது. அத்தீவுகளின் வெண்மணல் சுண்ணாம்புத் தன்மையுள்ள பாசிகள், சிப்பிகள், பவளங்கள் ஆகியவற்றின் துகள்களும், கிளிமீன்கள் கொறித்து வெளியேற்றும் பவளத்தூளும் சேர்ந்து உருவாவது. பவளத்திட்டை இழந்த கரை, மணலைத் தரும் மூலத்தையும் அலையைத் தடுக்கும் அரணையும் ஒருசேர இழக்கிறது. இன்று தாங்கள் கயிறு கட்டி விற்கும் அந்த மணலே நாளை கரைந்துபோகும் அபாயம் இதில் இருக்கிறது.

வேறு வழி இல்லையா என்றால் இருக்கிறது. எலூதரா தீவின் தென்முனையில் 2024-இல் திறக்கப்பட்ட டிஸ்னி நிறுவனத்தின் லுக்அவுட் கே வளாகத்துக்கு, கடலடியைத் தோண்டுவதைத் தவிர்க்கும் பொருட்டே தூண்களின் மேல் நெடுந்தொலைவு செல்லும் இறங்குதுறை கட்டப்பட்டது. பவளத்துக்கு ஏற்படும் பாதிப்பு பற்றி அங்கும் சூழலியலாளர்களின் கடுமையான எதிர்ப்பு இருந்தது. எனினும் அந்த எதிர்ப்புக்கு முகம் கொடுத்து, சூழல் தாக்க அறிக்கையைப் பொதுமக்கள் முன் வைக்க வேண்டியிருந்தது. எம்எஸ்சி நிறுவனத்தின் ஓஷன் கே தீவோ, அரகோனைட் என்னும் சுண்ணாம்புக் கனிம மணலைத் தோண்டும் தொழிற்களமாக இருந்து சீரழிந்த இடம். அங்கே பழைய இரும்புக் கழிவுகளை அகற்றி, செடிகளை நட்டு, சுற்றியுள்ள கடலில் சுமார் 64 சதுர மைல் பரப்பைக் காப்புப் பகுதியாக அறிவித்தார்கள். கெட்டுப்போன தீவைச் சீராக்க ஒரு நிறுவனத்தால் முடியுமானால், நன்றாக இருந்த தீவைக் கெடாமல் வைத்திருக்கத் தங்களால் முடியாமல் போகக் காரணம் இல்லை.

பயணம் முடிந்தவுடன் தங்கள் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். வந்த பதிலில், தீவின் வசதிகள் பயணிகளின் விருப்பத்துக்கேற்ப மேம்படுத்தப்பட்டுள்ளன என்றும், அடுத்த பயணத்தில் பயன்படுத்திக்கொள்ளத் தள்ளுபடிச் சீட்டு ஒன்று அனுப்பப்பட்டுள்ளது என்றும் கூறப்பட்டிருந்தது. நான் எழுப்பிய கேள்விகளில் ஒன்றுக்கும் அதில் விடை இல்லை. அச்சீட்டை இக்கடிதத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கிடைக்காத ஒன்றுக்காக மீண்டும் ஒருமுறை பணம் கட்டினால்தான் ஈடு கிடைக்கும் என்பதை என்னால் ஏற்க முடியாது.

ஆகவே, முதலாவதாக, அந்த ஒரு நாளுக்குரிய பயணக் கட்டணப் பங்கை எங்கள் குடும்பத்தினர் அனைவருக்கும் பணமாகவே திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவதாக, தீவின் எந்தப் பகுதி கட்டணத்தில் அடங்கும், எந்தப் பகுதிக்குத் தனிக்கட்டணம், அந்நாளில் வேறு கப்பல் வருமா என்பவற்றை வரைபடத்துடன், பணம் கட்டுவதற்கு முன்பே பயணிக்குத் தெரியும்படி முன்பதிவுப் பக்கத்தில் வெளியிட வேண்டும். அவ்வாறு வெளியிடும் வரை, “கடற்கரை உட்பட” என்ற சொற்களை விளம்பரங்களிலிருந்து நீக்க வேண்டும். வளைகுடாவில் ஒரு பகுதியையேனும் எல்லாப் பயணிகளுக்கும் திறந்துவிட்டு, முதியவர்களுக்கும் உடல் நலிவுற்றவர்களுக்கும் வாடகையில்லாத நிழல் அமைக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறேன். இதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது, கயிற்றை நகர்த்தினாலே போதும். இறங்குதுறைக்கும் கரையோர மாற்றங்களுக்கும் பஹாமாஸ் அரசின் சுற்றுச்சூழல் துறையிடம் பெற்ற அனுமதியையும் தாக்க மதிப்பீட்டு அறிக்கையையும் பயணிகள் படிக்கும்படி தங்கள் வலைத்தளத்தில் வைப்பீர்களா என்பதற்கும் நேரடியான பதில் தேவை.

இக்கடிதம் கிடைத்த 30 நாள்களுக்குள் பொறுப்புள்ள அதிகாரி ஒருவரின் கையொப்பத்துடன் எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். அது கிடைக்காவிட்டால், அமெரிக்க மத்தியக் கடல்வாணிப ஆணையத்தின் நுகர்வோர் விவகாரப் பிரிவிடம் சமரச உதவி கோரி விண்ணப்பிப்பேன். முன்பதிவுச் சீட்டின் நகல், கையேட்டின் தொடர்புடைய பக்கங்கள், தடுப்பையும் அறிவிப்புப் பலகையையும் காட்டும் புகைப்படங்கள், அதே வளைகுடாவில் முன்பு எடுத்த புகைப்படங்கள், உதவிப் பிரிவின் பதில், தள்ளுபடிச் சீட்டு ஆகியவற்றை இணைத்துள்ளேன். என் தாயார் வரும் குளிர்காலத்தில் மீண்டும் எங்களுடன் தங்க வருகிறார். அப்பயணத்துக்குத் தங்கள் கப்பலில் நாங்கள் செலுத்தியுள்ள முன்பணத்தை வைத்துக்கொள்வதா, திரும்பப் பெறுவதா என்பதைத் தங்கள் பதிலைப் பார்த்த பின்னரே முடிவு செய்வோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)