நாலையும் சேர்த்தே எடுத்து வை

அன்புக் கண்ணா,

உன் நாஸ் பெட்டி (வீட்டுக் கோப்புகளையெல்லாம் வைத்து நெட்வொர்க்கில் பகிரும் பெட்டி) 90 சதவீதம் நிரம்பிவிட்டது என்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 4 டெராபைட் டிஸ்க் நாலு, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு டிஸ்க் அளவை ஈடுகட்டும் தகவலுக்கு (பாரிட்டி) ஒதுக்கும் ரெய்டு 5, ஆக 12 டெராபைட் இடம். இப்போது நாலையும் 12 டெராபைட் டிஸ்க்காக மாற்றப் போகிறாய். ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டு, ரீபில்ட் (மற்ற டிஸ்க்குகளை வைத்துப் புதியதை நிரப்புவது) முடியட்டும், அப்புறம் அடுத்தது என்று சனி, ஞாயிறுக்குள் வேலை முடிந்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். செய்யலாம்தான். பெட்டியோடு வரும் கையேடும் அதையேதான் சொல்லும். ஆனால் உன் நிலைமைக்கு அது நல்ல வழியாக எனக்குப் படவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே 'சரிம்மா, சரிம்மா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டு போனால் எல்லாம் போச்சு. நல்ல டிஸ்க்கை நீயாகவே உருவினாலும் பெட்டியைப் பொறுத்தவரை அது போன டிஸ்க்தான். நாலை மாற்றுவது என்றால் நாலு தடவை நீயே ஒரு பழுதை உண்டாக்கி, துணை இல்லாத நிலையில் பெட்டியை ஓட விடுகிறாய். ஒவ்வொரு தடவையும் மீதி மூன்று டிஸ்க்கையும் முதலிலிருந்து கடைசி வரை படித்துத்தான் நாலாவதை அது எழுத முடியும். தடவைக்கு 12 டெராபைட், நாலு தடவைக்கு 48 டெராபைட் வாசிப்பு. நொடிக்கு சராசரி 150 மெகாபைட் என்று வைத்தால் ஒரு ரீபில்டுக்கு ஏழரை மணி நேரம். நாலும் முடிந்தபின் அளவைப் பெருக்கும்போது, புதிதாகச் சேரும் பகுதிக்குப் பாரிட்டி எழுத இன்னும் 12 மணி நேரத்துக்கு மேல். இதற்கு நடுவில் பெட்டியை நீங்கள் வழக்கம்போல் பயன்படுத்தினால் இன்னும் இழுக்கும்.

நேரம் போவது பெரிய விஷயம் இல்லை. முதல் ரீபில்டில் விழுந்து விழுந்து படிக்கப்படுபவை எவை என்று யோசி. வயதாகிவிட்டது என்று நீ மாற்ற நினைக்கும் அதே பழைய டிஸ்க்குகள்தான். அவற்றில் வருஷக்கணக்கில் யாரும் தொடாத மூலைகள் இருக்கும். அங்கே படிக்க முடியாத ஒரு செக்டார் (டிஸ்க்கில் ஒரு சின்னத் துண்டு) இருந்தால் அது வெளியே தெரிவது அந்த ஏழரை மணி நேரத்தில்தான், அதுவும் ஈடுகட்ட இன்னொரு டிஸ்க் இல்லாத நேரத்தில். சாதாரண டிஸ்க்கின் விவரத்தாளில் 10-இன் 14-ஆம் அடுக்கு பிட் படித்தால் ஒரு பிழை வரை வரலாம் என்று போட்டிருப்பார்கள். பைட்டில் சொன்னால் 12.5 டெராபைட். உன் ஒரு ரீபில்ட் வாசிப்புக்கு ஏறக்குறைய சமம். அதைப் பார்த்துப் பயந்துவிடாதே. அது தயாரிப்பாளர் உறுதி தரும் எல்லை, சராசரி இல்லை. நடப்பில் டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனாலும் வேறு வழி இருக்கும்போது இந்த விளையாட்டை நாலு தடவை ஏன் ஆட வேண்டும்?

ஒரு கணக்கு சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் ரெய்டு பற்றிய கட்டுரையை எழுதியபோது எடுத்துக்கொண்ட சின்ன டிஸ்க் 100 மெகாபைட், நொடிக்கு சுமார் 1 மெகாபைட் வேகம். முழுசாகப் படித்து முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. நீ வாங்கப் போவது அதைப்போல் 1,20,000 மடங்கு பெரியது. வேகம் மட்டும் ஏதோ 200 மடங்குதான் கூடியிருக்கிறது. ஒரு டிஸ்க் போய் ரீபில்ட் முடியும்வரை துணை இல்லாமல் ஓடும் நேரம் இன்று முக்கால் நாளாக நீண்டதற்கு இதுதான் காரணம். அன்று ரெய்டு 5 போதும் என்றவர்கள் சொன்னது தப்பில்லை, அந்த டிஸ்க்குக்கு.

சரி, நான் என்ன செய்யச் சொல்கிறேன்? நாலு வாங்காதே, ஐந்து வாங்கு. உன் தரவு 11 டெராபைட்டுக்குள் இருக்கிறது, ஒரே 12 டெராபைட் டிஸ்க்கில் முழுசாக அடங்கும். ஐந்தாவதை ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு எல்லாவற்றையும் அதற்குப் பிரதி எடு. அப்புறம் பெட்டியை முறையாக அணைத்து, பழைய டிஸ்க் நாலையும் ஒன்றாக வெளியே எடுத்து வை. புதிய நாலையும் மாட்டி, புதிதாக ஒரு ரெய்டு 6 (இரண்டு டிஸ்க் போனாலும் தாங்குவது) உருவாக்கு. பிரதியிலிருந்து திரும்ப ஏற்று.

இதில் என்ன லாபம் பார். ஒன்றொன்றாக மாற்றினால் முதல் டிஸ்க்கை உருவியபின் பெட்டியில் ஒரு சின்னக் கோப்பு எழுதப்பட்டாலும் போதும், வெளியே எடுத்த டிஸ்க் மற்றவற்றோடு ஒத்துப்போகாது. கடைசியில் உன் கையில் மிஞ்சுவது ஒன்றுக்கொன்று சேராத நாலு டிஸ்க். நாலையும் ஒரே நேரத்தில் எடுத்தால் பழைய ரெய்டு அப்படியே முழுசாக அலமாரியில் இருக்கும். புதியதில் என்ன கோளாறு வந்தாலும் நாலையும் அதே இடங்களில் மாட்டினால் நேற்றைய பெட்டி திரும்ப எழுந்துவிடும். கூடவே யூஎஸ்பி பிரதி வேறு. வேலை முடியும்வரை ஒரு நிமிஷம்கூட உன் தரவு ஒரே இடத்தில் மட்டும் இருக்காது.

பெட்டியை அணைத்துவிட்டு எடு என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு டிஸ்க்கின் தலைப்பிலும், பெட்டியை ஓட்டும் லினக்ஸ், மாற்றம் நடக்க நடக்க ஏறும் ஒரு நிகழ்வு எண்ணை எழுதி வைக்கும். ஓடும்போதே ஒவ்வொன்றாக உருவினால் அந்த எண்கள் மாறிப்போகும், திரும்ப மாட்டும்போது எதை நம்புவது என்று பெட்டி குழம்பும். அணைத்து எடுத்தால் நாலிலும் ஒரே எண் இருக்கும். எடுக்கும்போதே ஒவ்வொன்றின் முதுகிலும் காகித டேப் ஒட்டி, மார்க்கரில் இட எண்ணையும் வரிசை எண்ணின் கடைசி நாலு எழுத்தையும் எழுது: '2 – கே7டி4' என்கிற மாதிரி. டிஸ்க் தட்டில் இருக்கும்போது அச்சிட்ட லேபிள் கண்ணுக்குத் தெரியாது. டேப்பை முன்விளிம்பு வரை மடித்து ஒட்டினால் உருவாமலே படிக்கலாம். என் வேலையில் இந்த டேப் என்னைக் காப்பாற்றியது போல எந்த மென்பொருளும் காப்பாற்றியதில்லை. புதியவற்றுக்கும் இதே மாதிரி ஒட்டிவிடு.

வாங்கும்போது பார்க்க வேண்டியது முக்கியமாக ஒன்றுதான். டிஸ்க் வரும் அட்டைப்பெட்டியின் மேல் 'நாஸ்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து நிறுத்திவிடாதே, மாடல் எண்ணை வைத்து அது சி.எம்.ஆர். (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத) வகையா என்று விவரத்தாளில் உறுதி செய். எஸ்.எம்.ஆர். டிஸ்க்கில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். நடுவில் ஒன்றை மாற்ற, மேலே படிந்த பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். சும்மா படம் பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது. ரீபில்ட் மாதிரி நிறுத்தாமல் எழுதும்போது அப்படியே நின்றுவிடும், மணிக்கணக்கு நாள்கணக்காகும். நாஸ் பெட்டிக்கென்றே விற்ற சில மாடல்கள் சொல்லாமல் கொள்ளாமல் எஸ்.எம்.ஆர். ஆக இருந்தது 2020-இல் வெளியே வந்து பெரிய சத்தமானது, நினைவிருக்கும். இன்னொன்று, நாஸ் டிஸ்க் படிக்க முடியாத செக்டாரில் 7 நொடிபோல முயன்றுவிட்டு 'முடியவில்லை' என்று சொல்லிவிடும். மேசைக் கணினி டிஸ்க் நிமிஷக்கணக்கில் முட்டிக்கொண்டே இருக்கும். அந்த மௌனத்தைப் பார்த்து டிஸ்க் செத்துவிட்டது என்று ரெய்டு அதை வெளியே தள்ளிவிடும்.

உன் பெட்டி பழசு. ஒரு வால்யூம் (பெட்டி ஒரே இடமாகக் காட்டும் பகுதி) 16 டெராபைட்டைத் தாண்ட விடுமா என்று முதலில் பார்த்துவிடு. பல பழைய பெட்டிகளில் அங்கே ஒரு தடுப்பு உண்டு. ரெய்டு 6-இல் உனக்குக் கிடைப்பது 24 டெராபைட், 1000-க்குப் பதில் 1024 கணக்கில் திரையில் 21.8 என்று காட்டும். அதைப் பார்த்து, கடையில் ஏமாற்றிவிட்டார்கள் என்று எனக்குப் போன் போடாதே.

ரெய்டு 5-இல் 36 கிடைக்குமே, 12 டெராபைட்டை ஏன் விட வேண்டும் என்று கேட்பாய். 12 டெராபைட் டிஸ்க் ஒன்று போனால் ரீபில்டுக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் இன்னொரு டிஸ்க் துணைக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். டிஸ்க்குகளை ஜோடி ஜோடியாகப் பிரதி எடுத்து வைக்கும் ரெய்டு 10-இலும் 24-தான் வரும், ஆனால் ஒரே ஜோடியில் இரண்டும் போனால் முடிந்தது. ரெய்டு 6-இல் எந்த இரண்டு போனாலும் பரவாயில்லை. எழுதும் வேகம் கொஞ்சம் குறையும். வீட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

வந்த டிஸ்க்கை உடனே மாட்டாதே. ஐந்தையும் ஸ்மார்ட் (டிஸ்க் தன்னைத்தானே கண்காணிக்கும் வசதி) நீளச் சோதனைக்கு விடு, அதன்பின் ஒரு தடவை முழுசாக எழுதிப் படித்துப் பார். எல்லாம் சேர்ந்து டிஸ்க்குக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகும். ஆகட்டும். ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 என்ற எண்ணுள்ள மூன்றும் (பழுதான, படிக்க முடியாத செக்டார்களின் எண்ணிக்கை) பூஜ்யமாகவே இருக்க வேண்டும். ஒன்று ஏறினாலும் திருப்பிக் கொடுத்துவிடு. 199 ஏறினால் டிஸ்க்கைத் திட்டாதே, கேபிளையோ இணைப்பையோ பார். பிரதி எடுப்பதற்கு முன் பழைய பெட்டியிலும் ஒரு ஸ்க்ரப் (எல்லாவற்றையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டு. பிழை எதுவும் இருந்தால் நாலும் சேர்ந்து நிற்கும்போதே திருத்திக்கொள்ளட்டும்.

பிரதி எடுத்தாயிற்று என்று திரையில் வந்ததும் நம்பிவிடாதே. பிரதி எடுக்கும் கருவியான ஆர்சிங்கை (rsync) செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பீட்டோடு இன்னொரு தடவை ஓட்டு, வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று வரட்டும். அதோடு உறையைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, மிகப் பழைய போல்டரில் நாலு படத்தைத் திறந்து பார். பெட்டியின் அமைப்புகளையும் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்துகொள். பல பெட்டிகள் பயனர் பெயர், பகிர்வு அனுமதி எல்லாவற்றையும் அந்த டிஸ்க்குகளிலேயே வைத்திருக்கும், புதியதை மாட்டியதும் பெட்டி உன்னை யாரென்றே கேட்கும்.

ஒன்றொன்றாக மாற்றுவதே தப்பு என்று சொல்லவில்லை. நிறுத்தவே முடியாத சர்வருக்கு அதுதான் வழி. நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஆனால் காலி இடம் ஒன்று வைத்திருந்தோம். புதியதை அந்த இடத்தில் மாட்டி, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து இதற்கு மாற்றச் சொன்னால் பாதுகாப்பு ஒரு கணமும் குறையாது. லினக்ஸில் ரெய்டை நடத்தும் எம்டிஆட்ம் (mdadm), இசட்எஃப்எஸ் (ZFS) என்ற கோப்பு முறை, இரண்டுமே இதைச் செய்யும். உன் பெட்டியில் நாலே இடம், நாலும் நிரம்பியிருக்கிறது. உன் பெட்டி இரண்டு நாள் ஓடாவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள், பிள்ளைகள் கார்ட்டூன் கேட்பார்கள், சமாளித்துக்கொள்.

பழைய நாலையும் மூன்று மாதமாவது தொடாமல் வை. அப்புறம் தனித்தனியாக அழித்து, அதில் ஒன்றில் குடும்பப் படங்களையும் தாத்தா பேசிய ஒலிப்பதிவுகளையும் மட்டும் ஏற்றி, பூட்டுச்சொல் போட்டு என்னிடம் கொடு. நீ தவறுதலாக அழித்ததை ரெய்டு 6 நாலு டிஸ்க்கிலும் சேர்த்தே அழிக்கும். சினிமாவையெல்லாம் எனக்கு அனுப்ப வேண்டாம், அவை திரும்பக் கிடைக்கும்.

பணம் கட்டுவதற்கு முன் டிஸ்க்கின் மாடல் எண்ணையும் பெட்டியின் மாடல் எண்ணையும் எனக்கு அனுப்பு. இரண்டும் பொருந்துமா என்று விவரத்தாளைப் பார்த்து அன்றைக்கே சொல்கிறேன். ஐந்தாவதற்கு உறை வாங்காதே, என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது.

அன்புடன்,
அம்மா