ஞாயிறு காலை சித்திரக்கதைப் பட்டறை

நூலக நண்பர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 10 மணி முதல் 1 மணி வரை, நம் நூலகத்தின் சிறுவர் பிரிவில் சித்திரக்கதை வரையும் பயிற்சி நடக்கிறது. கட்டணம் கிடையாது. பத்து வயதைத் தாண்டிய எவரும் வரலாம். பெற்றோர்களே, பிள்ளைகளை விட்டுவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். நீங்களும் உட்கார்ந்து வரைய வேண்டும்.

"எனக்கு வரைய வராதே" என்பவர்களுக்குத்தான் இந்தப் பட்டறை. வட்டத் தலையும் குச்சி உடம்பும் போதும். புருவக் கோட்டை உட்புறமாகக் கீழே சாய்த்தால் கோபம், மேலே தூக்கினால் கவலை. முகபாவத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஓர் ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரு வெட்டுப் போட்டால், பசையோ பின்னோ இல்லாமல் எட்டுப் பக்கப் புத்தகம் தயார். அட்டைகள் இரண்டு போக, கதைக்கு ஆறு பக்கங்கள். தாளின் ஒரே புறத்தில்தான் வரைவோம் என்பதால், ஜெராக்ஸ் எடுத்து நண்பர்களுக்கும் கொடுக்கலாம்.

வசனத்தை முதலில் எழுதுங்கள், பேச்சுக் குமிழைப் பிறகு போடுங்கள். மாற்றிச் செய்தால் கடைசி எழுத்துகள் நசுங்கிவிடும். முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்கட்டும்.

பென்சில், அழிரப்பர், கறுப்புப் பேனா கொண்டுவாருங்கள். தாள் நாங்கள் தருகிறோம். 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் பழைய இதழ்கள் வைத்திருப்பவர்கள் காட்டுவதற்கு எடுத்துவரலாம். இரவல் கேட்க மாட்டோம்!

வருபவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் இந்தச் செய்திக்கே பதிலாகப் பெயரைப் பதியுங்கள். தனியாகப் போட்டால் காலை வணக்கப் படங்களுக்குள் புதைந்துவிடுகிறது.