செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: விமானப்படைக் குடும்பங்களுக்கு வீடு வாடகைக்கு விடுவது பற்றி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தெருவிளக்குக்கும் மழைநீர் வடிகாலுக்கும் தாம்பரம் மாநகராட்சிக்குக் கொடுத்த மனுக்களின் நகல்கள் கோப்பில் உள்ளன, வேண்டியவர்கள் பார்க்கலாம். மீதி நேரம் முழுவதையும் ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பக்கத்தில் வீட்டு உரிமையாளர்களான நம்மிடம் குடிவருகிறவர்களில் கணிசமானோர் தாம்பரம் விமானப்படை நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்போரைப் பயிற்றுவிக்கும் பறத்தல் பயிற்றுநர் பள்ளி அம்பாலாவிலிருந்து 1954இல் இங்கே வந்தது. அன்றிலிருந்து வருவதும் போவதுமான குடும்பங்கள் நமக்குப் பழக்கம். வாடகை பாக்கி என்று இவர்கள்மேல் சங்கத்துக்குப் புகார் வருவது அரிது. தகராறு கிளம்புவதெல்லாம் காலி செய்யும் நாளில்தான். அதில் நம் பக்கத்துத் தவறும் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

இவர்கள் இரண்டு காரணங்களால் திடீரென்று வீட்டைக் காலி செய்கிறார்கள். ஒன்று இடமாறுதல், இது எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு, இதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. நிலையத்துக்குள் குடும்பக் குடியிருப்புக்குக் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. வரிசை வந்து வீடு ஒதுக்கிய பிறகு வீட்டு வாடகைப்படி நின்றுவிடும். அதற்குமேல் நம் வீட்டில் இருந்தால் அவர் கைக்காசுதான் போகும். 'ஆறு மாதம்கூட ஆகவில்லையே' என்று அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. ஒப்பந்தம் எழுதும்போதே இரண்டு காரணங்களையும் எழுதிவிட வேண்டும். நிர்வாகக் குழு தயாரித்த வாசகம் இது:

"வாடகைதாரர் பணி உத்தரவின்படி வேறு நிலையத்துக்கு மாற்றப்பட்டாலோ, அவருக்கு அரசுக் குடியிருப்பு ஒதுக்கப்பட்டாலோ, 30 நாள் எழுத்துமூல அறிவிப்பு கொடுத்து, மீதி ஒப்பந்தக் காலத்துக்கு எந்த இழப்பீடும் இன்றி வீட்டைக் காலி செய்யலாம். 30 நாளுக்குக் குறைவாக உத்தரவு வந்தால், குறையும் நாட்களுக்கு மட்டும் வாடகை தருவார்."

சில நாடுகளில் படைவீரருக்கு இந்த உரிமையைச் சட்டமே கொடுக்கிறது. நம் வாடகைச் சட்டத்தில் அப்படித் தனிப் பிரிவு கிடையாது, அதனால் ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உண்டு. சான்றாக அவருடைய பிரிவிலிருந்து ஒரு கடிதம் போதும். உத்தரவின் முழு நகலை வாங்கி வாட்ஸ்அப் குழுவில் போடுவது கூடவே கூடாது.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது பற்றிக் குழப்பம் இன்னும் தீரவில்லை. தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22இல். பதினொரு மாத ஒப்பந்தம் என்றால் எதுவும் வேண்டாம் என்பது பழைய கதை. எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் இணையம் வழியே பதிந்து பதிவு எண் வாங்க வேண்டும். எண் இல்லாத ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டு அந்த அதிகாரி முன் போய் நின்றால் எடுபடாது. மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கத்தை உறுப்பினர்கள் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மாதச் சம்பளக்காரர் அவ்வளவு தொகையை இங்கே முடக்கிவிட்டு, அடுத்த ஊரிலும் அட்வான்ஸ் கொடுக்க எங்கே போவார்?

பெயிண்டிங் பிடித்தம்தான் மிகப் பெரிய மனத்தாங்கல். ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங்குக்கு என்று கழிப்பது சென்னை வழக்கம். ஆனால் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதையும் வீட்டுக்காரர் பொறுப்பில்தான் வைக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவையும் நம் பொறுப்பே. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், கீசர் பழுது, பூட்டு, உடைந்த கண்ணாடி போன்றவை வாடகைதாரருடையவை. வேறு ஏற்பாடு வேண்டுமானால் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் கடைசி நாளில் கழித்தால் நம் பக்கம் நியாயம் இல்லை.

காலி செய்கிறவர் ஜோத்பூருக்கோ ஜோர்ஹாட்டுக்கோ போய்விட்டால், மிச்சப் பணத்துக்காகத் திரும்பி வர மாட்டார். சட்டம் ஒரு மாத அவகாசம் தருகிறது, ஆனால் இவர்கள் விஷயத்தில் அத்தனை நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது குழுவின் கருத்து. லாரி வருவதற்கு ஏழு நாள் முன்னால் இரு தரப்பும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். குடிவந்த அன்று எடுத்த படங்களையும் கையெழுத்திட்ட சாமான் பட்டியலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் விசிறி, டியூப்லைட், குழாய், சாவி எண்ணிக்கை எல்லாம் இருக்கட்டும். பழுது இருந்தால் தொகையை அன்றே பேசி எழுதிவிடுங்கள். சாவி வாங்கும் நாளில் கரண்ட் பில்லுக்கான தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை அவர் கணக்குக்கு அனுப்பிவிடலாம்.

கரண்ட் பில்லுக்கும் வழி உண்டு. கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் நடுவில் போகிறவரிடம் குத்துமதிப்பாகக் கழிக்கிறோம். அதற்குப் பதில் சாவி வாங்கும்போது மீட்டரைப் படம் எடுங்கள். அவர் போகும் நாளில் 210 யூனிட், கணக்கெடுக்கும் நாளில் மொத்தம் 340 யூனிட் என்றால், வந்த பில்லை 340ஆல் வகுத்து 210ஆல் பெருக்கினால் அவர் பங்கு. முதல் 100 யூனிட் இலவசத்தின் பலனும் அவருக்கு விகிதப்படி போய்ச் சேரும். யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று நாமே ஒரு விலை வைத்து வாங்குவது தவறு. ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து இரண்டு குடித்தனம் விட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும், கூடுதல் சுமை இரு குடும்பத்தின்மேலும் விழும்.

வயரிங் பற்றி ஒரு வார்த்தை. வடக்கிலிருந்து வரும் குடும்பங்களிடம் பெரும்பாலும் கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஏசி மூன்றும் இருக்கும். கீசர் சுமார் 2 கிலோவாட், இண்டக்‌ஷன் அதே அளவு, ஒன்றரை டன் ஏசி ஒன்றரை கிலோவாட்டுக்கு மேல். பழைய வீட்டில் லைட்டுக்குப் போட்ட மெல்லிய வயரில் 16 ஆம்பியர் பிளக் பொருத்தினால் இணைப்பு முனை சூடாகிக் கருகும். ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனி எம்சிபியோடு (பளு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுங்கள், வீட்டுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) வையுங்கள், மின்வாரியத்தில் அனுமதிக்கப்பட்ட மின்பளுவைக் கூட்டி வாங்குங்கள். ராஜஸ்தான், பஞ்சாப் பக்கத்து ஏர் கூலரை இங்கே கொண்டுவந்து மூடிய அறையில் ஓட்டுவதால் ஈரம் ஏறிச் சுவரில் பூஞ்சை பிடிக்கிறது. நம் ஊர்க் காற்றில் அது குளிர்விக்காது என்பதைக் குடிவந்த அன்றே சொல்லிவிடுவது நல்லது.

வாடகையை எவ்வளவு வைக்கலாம் என்று கேட்கிறார்கள். சென்னைக்கு வீட்டு வாடகைப்படி 2024 ஜனவரி முதல் 30 சதவீதம். அடிப்படை ஊதியத்தின் தொடக்கத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் சார்ஜெண்டுக்கு 29,200இல் 8,760 ரூபாய், ஜூனியர் வாரண்ட் ஆபீசருக்கு 35,400இல் 10,620, ஃப்ளையிங் ஆபீசருக்கு 56,100இல் 16,830. பணி ஆண்டுகளுக்கு ஏற்ப இது கூடும். ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால், வரிச்சலுகை கேட்பவருக்கு வீட்டுக்காரர் பான் எண் தேவை. ரசீதும் பான் எண்ணும் தர மறுக்காதீர்கள்.

கணவர் குடும்பத்தோடு இருக்க முடியாத நிலையத்துக்கு மாற்றலாகி, மனைவியும் குழந்தைகளும் இங்கேயே தங்குவது உண்டு. கேந்திரிய வித்யாலயாவில் படிக்கும் பிள்ளைகளுக்காகக் கல்வியாண்டு முடியும்வரை காத்திருப்பார்கள். ஒப்பந்தத்தில் மனைவி பெயரையும் சேர்த்து, சாவி ஒப்படைக்கவும் கணக்கு முடிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு என்று எழுதுங்கள். பழுது பார்க்கப் போவதாக இருந்தாலும் 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் தெரிவிக்காமல் உள்ளே போகக் கூடாது. தனியாக இருக்கும் பெண்கள் விஷயத்தில் இதை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

பாக்கி வந்தால் என்ன செய்வது? படைவீரரின் சம்பளத்தையும் படிகளையும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவின்படி ஜப்தி செய்ய முடியாது. சிறப்புச் சூழலில் பணியில் இருப்பவர்மீது வழக்குப் போட்டால், 1925ஆம் ஆண்டு இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டத்தின்படி அது தள்ளிவைக்கப்படலாம். எனவே இரண்டாவது மாதம் வரை பொறுத்திராமல் முதல் மாதமே எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக, ஓர் எச்சரிக்கை. இணையத்தில் வீட்டு விளம்பரம் பார்த்து, படைவீரர் என்று சொல்லிக்கொண்டு போன் வரும். 'சென்னைக்கு மாற்றலாகியிருக்கிறேன், வீட்டைப் பார்க்க வர நேரமில்லை' என்பார், சீருடைப் படமும் அடையாள அட்டைப் படமும் அனுப்புவார். அட்வான்ஸ் அனுப்ப ஒரு கியூஆர் கோடை ஸ்கேன் செய்து யுபிஐ ரகசிய எண்ணை (பின் எண்) போடச் சொல்வார். பணம் பெற பின் எண் ஒருபோதும் தேவையில்லை. போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழையுங்கள். உண்மையான படைவீரர் தம் அட்டையின் நகலைக் கொடுக்க மாட்டார், நாமும் கேட்கக் கூடாது. அட்டையை நேரில் பார்த்துவிட்டு, ஆதாரும் பான் அட்டையும் வாங்கிக் காவல் நிலையத்தில் வாடகைதாரர் படிவம் கொடுத்தால் போதும்.

மேலே சொன்ன இடமாறுதல் வாசகத்தையும் சாமான் பட்டியல் படிவத்தையும் சங்கத்தின் பொது ஒப்பந்த மாதிரியில் சேர்க்க வேண்டும் என்ற தீர்மானத்தைப் பேரவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்