யெஸ் ரசிகர்களுக்கு: பீட்டர் பேங்க்ஸுக்காக ஒரு திறந்த மடல்

அன்புள்ள யெஸ் ரசிகர்களுக்கு,

வணக்கம். ஜான் ஆண்டர்சன் பாடாத குழுவை யெஸ் என்று கூப்பிடலாமா, பேஸ் கிதார் வாசித்த கிறிஸ் ஸ்க்வயர் இறந்த பிறகு அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம், கிதாரிஸ்ட் ட்ரெவர் ராபின் காலத்துப் பாட்டுகள் நீண்டு சிக்கலாக விரியும் புரோகிரசிவ் ராக்கா வெறும் பாப்பா என்றெல்லாம் நாம் சண்டை போடாத நாளில்லை. அந்தச் சண்டைகள் எனக்குப் பிடிக்கும். 1968-இல் லண்டனில் தொடங்கிய ஒரு ராக் குழுவைப் பற்றி இன்னமும் குரலை உயர்த்திப் பேச ஆள் இருக்கிறது என்றால் அந்த இசைக்கு உயிர் இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் இவ்வளவு வாதத்திலும் ஒரு பெயர் அநேகமாக அடிபடுவதே இல்லை. பீட்டர் பேங்க்ஸ். யெஸ்ஸின் முதல் கிதார் கலைஞர். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2017 ஏப்ரல் 7 அன்று புரூக்ளினில் நடந்த விழாவில், ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் அமெரிக்க அமைப்பான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், யெஸ்ஸைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ரஷ் குழுவின் கெடி லீயும் அலெக்ஸ் லைஃப்சனும் அறிமுக உரை ஆற்றினார்கள். 'ரவுண்டபவுட்' பாட்டுக்கு ஸ்க்வயரின் இடத்தில் கெடி லீ பேஸ் வாசித்தார். முதல் ஆல்பம் 1969-இல் வந்தது; ஹால் ஆஃப் ஃபேம் விதிப்படி 25 வருஷம் கழித்து, 1994-லேயே தகுதி வந்துவிட்டது. அத்தனை வருஷம் காத்திருந்ததற்குப் பலன் கிடைத்த ராத்திரி அது. நாம் எல்லோரும் கொண்டாடினோம், சரிதான். ஆனால் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஆண்டர்சன், ஸ்க்வயர், பில் புரூஃபோர்ட், டோனி கேய், ஸ்டீவ் ஹவ், ரிக் வேக்மன், ஆலன் வைட், ட்ரெவர் ராபின். மொத்தம் எட்டுப் பேர். குழுவைத் தொடங்கிய ஐந்து பேரில் நான்கு பேர் இதில் இருக்கிறார்கள். ஐந்தாவது ஆளான பேங்க்ஸ் மட்டும் இல்லை.

அவர் 2013 மார்ச்சில் காலமாகிவிட்டார், அதனால்தான் சேர்க்கவில்லை என்று யாராவது சொன்னால் அது நிற்காது. ஸ்க்வயரும் 2015 ஜூனில் போய்விட்டார். அவருக்கு உரிய மரியாதை கிடைத்தது, கிடைக்கத்தான் வேண்டும். அந்த எட்டுப் பேரும் யார் என்று யோசித்தால் விஷயம் புரியும். 1991-இல் 'யூனியன்' ஆல்பத்துக்கும் அதையொட்டிய சுற்றுப்பயணத்துக்கும் ஒன்றுசேர்ந்த அதே எட்டுப் பேர். அந்த மேடையில் பேங்க்ஸ் இல்லை, பட்டியலிலும் இல்லாமல் போனார்.

ஹால் ஆஃப் ஃபேம்காரர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நம்மிடம் புதிதாக வருபவர்களுக்கு நாம் என்ன சொல்கிறோம்? "1971-இல் வந்த 'தி யெஸ் ஆல்பம்' தொடங்கிக் கேள், அப்புறம் 'ஃப்ராஜைல்', அப்புறம் 'க்ளோஸ் டு தி எட்ஜ்'. முதல் இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." அந்தப் பிறகு பெரும்பாலும் வருவதில்லை. நம்மில் பலருக்கு யெஸ் என்றாலே ரோஜர் டீன் வரைந்த மிதக்கும் பாறைகளும் வளைந்த எழுத்துகளும்தான். 'ஃப்ராஜைல்' அட்டைக்கு முன்னால் அவர் இந்தக் குழுவுக்கு வரையவே இல்லை என்பது நினைவில் நிற்பதில்லை. வரலாற்றை 1971-இல் தொடங்கும் பழக்கம் நம்முடையதுதான்.

கொஞ்சம் பின்னால் போவோம். லண்டன் சோஹோவில் மார்க்கீ கிளப்புக்குப் பக்கத்திலேயே லா ஷாஸ் என்று ஒரு சின்ன மதுக்கூடம் இருந்தது. ஆண்டர்சனும் ஸ்க்வயரும் 1968-இல் அங்கேதான் சந்தித்தார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் ஸ்க்வயர் அங்கே தனி ஆளாக வரவில்லை. 'மேபல் கிரீயர்ஸ் டாய்ஷாப்' என்ற குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். அந்தக் குழுவில் கிதார் வாசித்தவர் பேங்க்ஸ். அதற்கும் முன்னால் 'தி சின்' குழுவிலும் இருவரும் ஒன்றாக இருந்தவர்கள். ஸ்க்வயர், ஆண்டர்சனைச் சந்திப்பதற்கு முன்பே பேங்க்ஸுடன் வாசித்துப் பழகியவர். புரூஃபோர்டும் கேயும் வந்து சேர்ந்து ஐவர் ஆனபோது, 'யெஸ்' என்ற பெயரை முன்வைத்ததும் பேங்க்ஸ்தான். அந்த வருஷம் நவம்பர் 26 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் க்ரீம் குழுவின் பிரியாவிடைக் கச்சேரிக்கு முன்னால் வாசித்தது இந்த ஐவர்தான். தொடங்கி நாலே மாதம் ஆன ஒரு குழுவுக்குக் கிடைத்த மேடை அது.

சரி, பெயர் வைத்ததும் முதலில் வந்ததும் மட்டும் போதுமா, இசையில் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதல் ஆல்பத்தில் 'ஐ ஸீ யூ' என்ற பாட்டைப் போட்டுக் கேளுங்கள். அது பைர்ட்ஸ் குழுவின் பாட்டு. அவர்கள் மூன்று நிமிடத்துக்குள் முடித்ததை யெஸ் ஆறு நிமிடத்துக்கு மேல் கொண்டுபோகிறார்கள். ஆண்டர்சன் பாடி நிறுத்தியதும் கேயின் ஆர்கனும் ஸ்க்வயரின் பேஸும் ஒதுங்கிக்கொள்கின்றன. மிச்சம் இருப்பது புரூஃபோர்டின் டிரம்ஸும் பேங்க்ஸின் கிதாரும் மட்டும். பேங்க்ஸ் அடக்கமாகத் தொடங்குகிறார். ஒரு சின்ன ஜாஸ் சொற்றொடரை வாசித்து நிறுத்துகிறார், புரூஃபோர்ட் சிம்பலில் லேசாகத் தட்டி அதற்குப் பதில் சொல்கிறார். அடுத்ததைக் கொஞ்சம் கோணலாக வாசிக்கிறார், டிரம்ஸும் கோணலாகத் திரும்புகிறது. நம்ம ஊர்க் கச்சேரியில் வயலினும் மிருதங்கமும் ஒன்றை ஒன்று சீண்டிக்கொண்டே போவது மாதிரிதான். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கிதார் பல ஸ்வரங்களை ஒன்றாக மீட்டி உறுமத் தொடங்கும்போது மற்ற இருவரும் உள்ளே பாய்கிறார்கள். புரூஃபோர்டின் ஜாஸ் மனசை யெஸ்ஸில் முதலில் புரிந்துகொண்டு உரையாடிய ஆள் பேங்க்ஸ் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே ஆல்பத்தில் பீட்டில்ஸின் 'எவ்ரி லிட்டில் திங்' இருக்கிறது. குரல் வருவதற்கு முன்னால் நீண்ட முன்னிசை. அதில் பேங்க்ஸின் கிதார் திடீரென்று 'டே டிரிப்பர்' பாட்டின் புகழ்பெற்ற தொடக்கத்தை வாசித்துவிட்டுப் போகும். அடுத்தவர் பாட்டை எடுத்து, பிரித்து, நடுவில் இன்னொன்றை வைத்து, இரண்டு மடங்குக்கு மேல் விரிப்பது என்ற வேலைமுறை இங்கேதான் உருவானது. 1972-இல் பால் சைமனின் 'அமெரிக்கா' பாட்டைப் பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டி வாசித்தார்களே, அதில் ஹவ்வின் கிதாரைக் கேட்டு நாம் உருகுகிறோமே, அந்த வழி 1969-லேயே போடப்பட்டது. பின்னால் வந்த இருபது நிமிடப் பாட்டுகளுக்கும் இதே பழக்கம்தான் அடிப்படை.

இரண்டாவது ஆல்பமான 'டைம் அண்ட் எ வேர்ட்' வலி தரும் கதை. ஆண்டர்சனுக்கு ஆர்கெஸ்ட்ரா வேண்டும் என்று ஆசை. பேங்க்ஸுக்கு அது பிடிக்கவில்லை. ஆல்பத்தைக் கேட்டால் ஏன் என்று தெரியும்: கிதார் நிற்க வேண்டிய பல இடங்களில் வயலின்கள் நிற்கின்றன, கிதாரின் சத்தம் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. அப்படியும் 'அஸ்ட்ரல் டிராவலர்' பாட்டில் அவர் வாசிப்பு தனித்துத் தெரியும். 1970 ஏப்ரலில், ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே, அவரைக் குழுவிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்துக்கு ஸ்டீவ் ஹவ் வந்தார்.

இதற்கு அப்புறம் நடந்ததைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இங்கிலாந்தில் வந்த அட்டையில் நிர்வாணப் பெண்ணின் படம் இருந்ததால் அமெரிக்கப் பதிப்புக்கு வேறு அட்டை தேவைப்பட்டது. குழுவின் புகைப்படத்தைப் போட்டார்கள். அந்தப் படத்தில் ஹவ் இருக்கிறார். இசைத்தட்டில் ஒரு ஸ்வரம்கூட வாசிக்காதவர் அட்டையில் நிற்கிறார், முழுக்க வாசித்தவர் அட்டையில் இல்லை. ஹவ்மேல் எந்தத் தப்பும் இல்லை. புதிதாக வந்த ஆளைப் படமெடுக்கக் கூப்பிட்டார்கள், போய் நின்றார். ஆனால் 2017-இல் நடந்தது 1970-லேயே ஒருமுறை நடந்துவிட்டது.

பேங்க்ஸ் அதோடு ஓய்ந்துவிடவில்லை. 'ஃப்ளாஷ்' என்ற குழுவைத் தொடங்கி மூன்று ஆல்பம் போட்டார். முதல் ஆல்பத்தில் கீபோர்டு வாசிக்க வந்தது அப்போது யெஸ்ஸைவிட்டு வந்திருந்த டோனி கேய். 1973-இல் வந்த அவருடைய தனி ஆல்பத்தில் யான் ஆக்கர்மன், ஃபில் காலின்ஸ், ஸ்டீவ் ஹாக்கெட், ஜான் வெட்டன் எல்லோரும் வாசித்தார்கள். ஃபோகஸ், ஜெனிசிஸ், கிங் கிரிம்சன் ஆட்கள் ஒரே தட்டில் சேர்ந்து வாசிக்கும் அளவுக்கு அவர்மேல் சக கலைஞர்களுக்கு மதிப்பு இருந்தது. 1997-இல் யெஸ்ஸின் 1969, 1970 காலத்து பிபிசி பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டதும் அவரே. தன்னை அனுப்பிவிட்ட குழுவின் ஆரம்பகால இசையைப் பாதுகாக்க அவர் உழைத்திருக்கிறார். அந்தத் தொகுப்பு கிடைத்தால் விடாதீர்கள். ஆர்கெஸ்ட்ராவின் மறைப்பு இல்லாமல் அந்த ஐவர் எப்படி ஒலித்தார்கள் என்று அதில் தெரியும்.

"இரண்டே ஆல்பம்தானே, உண்மையான யெஸ் ஹவ் வந்த பிறகுதானே" என்ற பதிலை எதிர்பார்க்கிறேன். ஹவ் வந்ததும் குழு வேறு உயரத்துக்குப் போனது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்' பாட்டின் கடைசிப் பகுதியை ஹவ் இல்லாமல் என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் இரண்டு ஆல்பம் என்பது குறைவு என்றால், 1996-இல் பிங்க் ஃப்ளாய்டைச் சேர்த்தபோது 1968-லேயே விலகிய சிட் பாரெட்டை எப்படிச் சேர்த்தார்கள்? 2016-இல் டீப் பர்ப்பிளுடன் முதல் மூன்று ஆல்பத்தின் பாடகர் ராட் எவன்ஸையும், 2018-இல் மூடி ப்ளூஸுடன் முதல் ஆல்பத்தில் மட்டும் பாடிய டென்னி லேனையும் சேர்த்தார்களே? சேர்த்தது சரி. அவர்கள் இல்லாமல் அந்தக் குழுக்கள் இல்லை. அதே அளவுகோலைப் பேங்க்ஸுக்கும் வையுங்கள் என்கிறேன். டீப் பர்ப்பிளின் அதே மூன்று ஆல்பத்திலும் பேஸ் வாசித்த நிக் சிம்பரை விட்டுவிட்டார்கள் என்பதும் நமக்குத் தெரியும். ஒரு தவறு இன்னொன்றுக்குச் சாட்சி ஆகாது. 'ரிலேயர்' ஆல்பத்தின் பேட்ரிக் மொராஸ், 'டிராமா' ஆல்பத்தின் ட்ரெவர் ஹார்ன், ஜெஃப் டவுன்ஸ் ஆகியோருக்காகவும் வாதாடலாம். நானும் கூடவே நிற்பேன். ஆனால் தொடங்கிய ஆளை முதலில் சேர்க்க வேண்டும்.

பேங்க்ஸை மனதில் வைத்துக்கொண்டு நம் மற்ற சண்டைகளையும் பாருங்கள், அவற்றின் சூடு கொஞ்சம் தணியும். நாம் 'அசல்' என்று கும்பிடும் 1972 லைனப்பில் ஹவ் வந்தது பேங்க்ஸின் இடத்துக்கு, வேக்மன் வந்தது கேயின் இடத்துக்கு. அந்த வருஷமே புரூஃபோர்ட் கிங் கிரிம்சனுக்குப் போக, ஆலன் வைட் மூன்றே நாளில் எல்லாப் பாட்டையும் பழகிக்கொண்டு மேடை ஏறினார். 2008-இல் ஆண்டர்சனுக்கு உடம்பு முடியாமல் போனபோது பெனுவா டேவிட் வந்ததையும், அப்புறம் ஜான் டேவிசன் வந்ததையும் போலி என்று திட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஆள் மாறுவது இந்தக் குழுவுக்கு 1970-இலிருந்தே பழக்கம். ஸ்க்வயர் இறந்ததோடு தொடங்கியவர்களில் ஒருவர்கூடக் குழுவில் நிலையாக இல்லை. 'புது ஆள் வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் ஹவ்வே கிடைத்திருக்க மாட்டார். வருகிற ஆளை வரவேற்பதற்காகப் போன ஆளின் பெயரை அழிக்கத் தேவையில்லை, அவ்வளவுதான் நான் கேட்பது.

இதைத் திருத்த வழி இருக்கிறது. ஹால் ஆஃப் ஃபேம் 1986-இல் படி ஹாலியைச் சேர்த்தபோது அவருடைய கிரிக்கெட்ஸ் குழுவை விட்டுவிட்டது; 1987-இல் ஸ்மோக்கி ராபின்சனைச் சேர்த்தபோது மிரக்கிள்ஸை விட்டுவிட்டது. ரசிகர்களும் கலைஞர்களும் பல வருஷம் பேசிப் பேசி, 2012-இல் ஒரு சிறப்புக் குழு அமைத்து, இவர்களோடு ஜேம்ஸ் பிரவுனின் ஃபேமஸ் ஃப்ளேம்ஸ் உட்பட ஆறு குழுக்களை ஒரேயடியாகச் சேர்த்தார்கள். விட்டுப்போனவர்களைப் பிற்பாடு சேர்ப்பது அவர்களுக்குப் புதிதல்ல. அந்த அமைப்புக்கு எழுதுங்கள். யெஸ்ஸின் பட்டியலில் பீட்டர் பேங்க்ஸின் பெயரை ஒன்பதாவதாகச் சேர்க்கக் கேளுங்கள். ஆண்டர்சன் அணி, ஹவ் அணி, ராபின் அணி என்று பிரிந்து நிற்கும் நாம் எல்லோரும் ஒன்றாகக் கையெழுத்துப் போடக்கூடிய கோரிக்கை இது ஒன்றுதான்.

அடுத்த முறை யாராவது "யெஸ்ஸை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?" என்று கேட்டால், முதல் ஆல்பத்தையும் தயவுசெய்து சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு யெஸ் ரசிகன்