எல்லையோர வர்த்தக சங்கத்தின் கதவு மாலையில் திறந்திருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்த்தாண்டத்தில் தொடங்கி குழித்துறை, படந்தாலுமூடு, களியக்காவிளை வரை சாலையின் இருபுறமும் கடைகள் நெருங்கி ஒரே ஊர் போல ஆகிவிட்டது. எல்லையைத் தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று அதே வரிசை திருவனந்தபுரம் பக்கம் நீள்கிறது. 1956 நவம்பர் 1-க்கு முன்பு இவையெல்லாம் ஒரே மாநிலம். இன்றும் வாடிக்கையாளரும் உறவுக்காரரும் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஆனால் அந்த எல்லையைச் சரக்கு தாண்டும்போது சட்டத்தில் என்னென்ன மாறுகிறது என்று சிறு கடைக்காரருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அதைச் சொல்ல வேண்டியது நம் பகுதி வர்த்தக சங்கங்கள்தான்.

சங்கம் என்றால் சந்தா, மே 5 வணிகர் தினம், கடையடைப்பு அறிவிப்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். அவையும் வேண்டியவைதான். ஆனால் எல்லையோரக் கடைக்காரரின் பணம் கரையும் இடம் வேறு.

முதலில் இ-வே பில், அதாவது சரக்கை வண்டியில் அனுப்பும் முன் இணையத்தில் எடுக்க வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு. தமிழ்நாட்டுக்குள் சரக்கு அனுப்பும்போது மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் அது தேவை. மாநிலம் விட்டு மாநிலம் போனால் வரம்பு 50,000 ரூபாய். நாகர்கோவிலுக்கு 80,000 ரூபாய்ச் சரக்கை வெறும் பில்லோடு அனுப்பிப் பழகியவர், பாறசாலைக்கும் அப்படியே ஏற்றிவிடுகிறார். தூரம் சில கிலோமீட்டர்தானே என்ற எண்ணம். மாநில எல்லையைத் தாண்டும் சரக்குக்குத் தூரம் குறைவு என்பதற்காக விலக்குக் கிடையாது.

இன்னொரு தவறு, மதிப்பை வரி சேர்க்காமல் கணக்கிடுவது. 48,000 ரூபாய்க்கு வயரும் சுவிட்சும் வாங்கினால் 18 சதவீத வரி 8,640 ரூபாய். இரண்டும் சேர்ந்து 56,640. வரம்பு தாண்டிவிட்டது. வழியில் பிடிபட்டு, சரக்கின் உரிமையாளர் முன்வந்து கட்டினாலும் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129-ஆம் பிரிவின்படி அபராதம் வரியைப் போல் இரண்டு மடங்கு, அதாவது 17,280 ரூபாய். அந்த லோடில் கிடைக்கும் லாபம் அதில் பாதி கூட இருக்காது. மேல்முறையீடு செய்வதென்றாலும் அபராதத்தில் 10 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும்.

ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலை 1-க்குப் பிறகு, எல்லைக்கு அப்பால் உள்ள அமரவிளை போன்ற வணிகவரிச் சோதனைச்சாவடிகளின் பழைய வேலை போய்விட்டது. அதனால் சோதனையே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. பறக்கும் படை எந்த வளைவிலும் நிற்கும்.

எல்லாப் பிழைக்கும் இரண்டு மடங்கு அபராதம் கிடையாது என்பதும் பலருக்குத் தெரியாது. 2018 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட 64/38/2018 எண் சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஜி.எஸ்.டி. எண் சரியாக இருந்து பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலோ, வண்டி எண்ணில் ஓரிரு எழுத்தோ இலக்கமோ மாறியிருந்தாலோ, முகவரி சரியாக இருந்து பின்கோடு மட்டும் தவறி அதனால் பில்லின் செல்லுபடிக் காலம் கூடாமல் இருந்தாலோ, மாநிலங்களுக்கிடையேயான சரக்குக்கு அபராதம் 1,000 ரூபாய்தான். இந்தச் சுற்றறிக்கையைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே தாளில் அச்சடித்து ஒவ்வொரு லோடு வண்டி ஓட்டுநரிடமும் கொடுத்து வைக்கலாம். சங்கத்துக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

வண்டி நடுவழியில் பழுதாகி வேறு வண்டிக்குச் சரக்கை மாற்றினால், இ-வே பில்லின் இரண்டாம் பகுதியில் புது வண்டி எண்ணை ஏற்றிய பிறகே கிளம்ப வேண்டும். அது ஓரிரு இலக்கப் பிழையாகக் கருதப்படாது. வாழைக்குலை, பச்சைக் காய்கறி, தோவாளைப் பூ ஆகியவற்றுக்கு வரியும் இல்லை, இ-வே பில்லும் வேண்டாம். ஆனாலும் சரக்கு யாருடையது, எங்கே போகிறது என்று காட்ட ஒரு பில் வண்டியில் இருப்பது நல்லது.

இதைவிடப் பெரிய குழி தொகுப்பு வரித் திட்டம். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் உள்ள வியாபாரி ஒரு சதவீத வரியோடு நிம்மதியாக இருக்கலாம் என்று அதில் சேர்கிறார். அதில் இருப்பவர் கேரளத்திலிருந்து வாங்கலாம், கேரளத்துக்கு விற்கக் கூடாது. பாறசாலைக் கடைக்கு ஒரு பெட்டி அனுப்பினாலும் அந்தத் திட்டத்தில் இருக்கும் தகுதி போகும். பழைய விற்பனைக்கும் முழு வரி கேட்பார்கள்.

2023 அக்டோபர் 1 முதல் இன்னொரு விதியும் சேர்ந்திருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவில்லாத வாடிக்கையாளரின் பில்லில் ‘கேரளம்’ என்று மாநிலப் பெயரை மட்டும் எழுதினாலே, சரக்கு அங்கே போவதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பில் போடும் பையன் கம்ப்யூட்டரில் பழைய முகவரியைத் தட்டிவிட்டால் கவுண்டர் விற்பனை மாநிலங்களுக்கிடையேயான விற்பனையாகிவிடும். சாதாரணப் பதிவில் உள்ளவர் மாநிலங்களுக்கிடையேயான வரியான ஐ.ஜி.எஸ்.டி. போட்டால் பிரச்சினை இல்லை. தவறாக மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் பிரித்துப் போட்டிருந்தால் ஐ.ஜி.எஸ்.டி.யை மறுபடி கட்டிவிட்டு, முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். சிறு கடைக்கு அந்தப் பணம் பல மாதம் முடங்குவது சாதாரண விஷயமல்ல. எல்லையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள கடைக்குத் தேவைப்படாத இந்தப் பாடம் களியக்காவிளையில் கல்லாவில் உட்காரும் எல்லோருக்கும் தேவை.

சுமை இறக்குவதிலும் இதே நிலைதான். கேரளத்தில் நோக்குக்கூலி 2018 மே 1 முதல் ஒழிக்கப்பட்டது. வேலை செய்யாமல் கேட்கும் பணம் சட்டப்படி செல்லாது. ஆனால் உண்மையில் சுமந்தவருக்கு அந்தப் பகுதிக்கு நிர்ணயித்த கூலி உண்டு. அதைக் கொடுக்காமல் தகராறு செய்யும் நம் வண்டிக்காரர் பக்கம் நியாயம் இல்லை. பாறசாலைப் பகுதியின் கூலி அட்டவணையை அங்குள்ள தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கி இங்கே சுவரில் ஒட்டினால் பாதிச் சண்டை வராது. இதற்கு எல்லைக்கு இருபுறமும் உள்ள சங்கங்கள் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும். கேரளத்தில் ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று அந்த மாநில உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அந்த அறிவிப்பு நம் பக்கத்துக்கு உடனே வந்து சேர்ந்தால் அழுகும் சரக்கை யாரும் அன்று ஏற்ற மாட்டார்கள்.

மிகச் சிறிய பட்டறைகளையும் சங்கம் மறக்கக் கூடாது. முந்திரி, ரப்பர், கயிறு என்று செய்து கொடுக்கும் குறு, சிறு தொழில்காரர் மத்திய அரசின் சிறுதொழில் பதிவான உத்யம் பதிவு வைத்திருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருக்கும்போது அதிகபட்சம் 45 நாளிலும் இல்லாதபோது 15 நாளிலும் பணம் வர வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. வாங்கி விற்பவருக்கு இந்த உரிமை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வீண் மனுவோடு அலைவார்கள்.

அதிகாரிகளிடம் மனு கொடுப்பதிலும் முறை மாற வேண்டும். ‘நெரிசல் தாங்கவில்லை, ஆவன செய்க’ என்ற தாள் கோப்பில் தூங்கும். சந்தை நாள் உட்பட ஒரு வாரம், மணிக்கு மணி, எத்தனை லாரி, எத்தனை டெம்போ, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்று இறக்கியது என்று இரண்டு பேர் எண்ணி எழுதினால் போதும். அந்தக் கணக்கோடு ‘காலை 8 முதல் 10 வரை சரக்கு இறக்குவதை நாங்களே நிறுத்துகிறோம், மாற்று இடம் தாருங்கள்’ என்று கேட்டால் பேச்சு நகரும். சாலையோர வியாபாரிகளைப் பகையாகப் பார்க்கவும் வேண்டாம். 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் வணிகர் சங்கத்துக்கும் இடம் உண்டு. 40 சதவீதத்துக்குக் குறையாமல் சாலையோர வியாபாரிகளும் இருப்பார்கள். அந்த மேசையில் பேசித் தீர்ப்பதே நிலைக்கும். வரிக் குறைகளுக்கும் அதிகாரிகளும் வணிகப் பிரதிநிதிகளும் சேர்ந்த ஜி.எஸ்.டி. குறைதீர்க் குழுக்கள் இருக்கின்றன. ஒரு கடைக்காரர் தனியாகப் போவதைவிட, ஒரே மாதிரிப் பத்துப் பில்களை நகலெடுத்துச் சங்கம் கொண்டுபோனால் மதிப்பு வேறு.

இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், விதி தெரிந்த ஒரு கணக்கர் போதும். ஆனால் நேரம் முக்கியம். லோடு ஏறுவதும் பில் போடுவதும் இங்கே பெரும்பாலும் மாலையில்தான். காலை 10 மணிக்குத் திறந்து 5 மணிக்குப் பூட்டும் அலுவலகம் எந்த வண்டிக்கும் உதவாது. மாலை 4 முதல் இரவு 9 வரை திறக்கட்டும். ஓணத்துக்கு முந்தைய இரண்டு வாரம் நள்ளிரவு வரை இருக்கட்டும். அதற்கான ஆளை ஆடி மாதத்திலேயே அமர்த்திவிடுமாறு சங்க நிர்வாகிகளை உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வரி ஆலோசகர்,
மார்த்தாண்டம்.