திட்டம் மாறும்போது காரணமும் கூடவே வரட்டும்

மட்டக்களப்பு மாவட்டத் திணைக்களத் தலைவர்களுக்கும் பிரதேச செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பணியாற்றும் கள உத்தியோகத்தர்களுள் ஒருவராக இம்மடலை எழுதுகிறேன். ஒழுங்குசெய்த கூட்டம் முதல்நாள் இரவு வாட்ஸ்அப்பில் ரத்தாவதும், ஓர் ஊருக்குப் புறப்பட்டவர் பாதி வழியில் வேறோர் ஊருக்குத் திருப்பப்படுவதும் எங்களுக்குப் பழகிப்போனவை. மாரியில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் வவுணதீவுப் பக்கத்தில் வீதிகள் நீருக்குள் போகும். கிரானில் வெள்ளம் வீதியை மூடினால் அப்பாலுள்ள ஊர்களுக்குப் படகுதான். ஆகவே திட்டம் மாறக்கூடாது என்று கேட்கவில்லை. அந்த மாற்றம் எங்களிடம் வந்து சேரும் விதமே என் கவலை.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், பெரும்போக நெற்செய்கை தொடங்கிய பின்னர், தடை நீக்கப்பட்டது. இரண்டு முடிவுகளையும் வரம்பில் நின்று விளக்க வேண்டியிருந்தவர்கள் விவசாயப் போதனாசிரியர்களும் கமநல சேவை நிலைய உத்தியோகத்தர்களுமே. மஞ்சளித்த பயிரில் ஒரு தாளைக் கிள்ளிக் காட்டி, "இதுக்கு இனி என்னத்தப் போடுற தம்பி?" என்று கேட்கும் விவசாயிக்குச் சுற்றறிக்கையின் வாசகம் பதிலாகாது. எதனால் மாறியது, என்ன உரம் எப்போது கைக்கு வரும், அதுவரை எதைக் கொண்டு சமாளிக்கலாம் என்பவை தெரிந்திருந்தால்தான், ஓர் உத்தியோகத்தர் அந்த வயலுக்கு ஏற்றபடி தன் ஆலோசனையை மாற்றிக்கொள்ள முடியும். அவ்வேளையில் விவசாயிகள் இழந்த நம்பிக்கையின் சுமையை இன்றும் களத்தில் இருப்பவர்களே சுமக்கிறார்கள் என்பதை வருத்தத்துடன் பதிவுசெய்கிறேன்.

நல்ல வழக்கமும் நம்மிடமே உண்டு. வாவி கடலோடு சேரும் இடத்தில் மணல் மூடிய ஆற்றுவாயை வெட்டும் நாளை எவரும் ஆண்டுத் தொடக்கத்தில் குறித்துவைப்பதில்லை. நீர்மட்டம் பார்க்கப்படுகிறது, வயல் அழுகும் என்ற விவசாயிகளின் சொல்லும், மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும் என்ற மீனவர்களின் சொல்லும் எழுகின்றன. முடிவு எல்லோருக்கும் இனிப்பதில்லை. ஆனாலும் எதற்காக வெட்டப்படுகிறது என்பது இரு தரப்புக்கும் விளங்கும்.

அவ்வாறே, எங்களுக்கு மாற்றம் அறிவிக்கப்படும்போது அதன் காரணத்தையும் இரண்டு வரியிலாவது எழுதுங்கள். புதிய வேலையைத் தரும்போது எந்தப் பழைய வேலை பொறுத்திருக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். 2024 நவம்பர் 25 அன்று தொடங்கிய உயர்தரப் பரீட்சையே சீரற்ற காலநிலையால் நிறுத்தப்பட்டு டிசம்பர் 4 அன்று மீண்டும் நடைபெற்றது. நாடு முழுவதற்குமான ஒரு பரீட்சை ஒத்திவைக்கப்படலாம் என்றால், இடைத்தங்கல் முகாமில் நிற்கும் உத்தியோகத்தரின் மாதாந்த அறிக்கையும் ஒரு வாரம் பிந்தலாம். வாவியைக் கடக்கும் மிதவையான மண்டூர்–குருமண்வெளிப் பாதையில் ஏறுவதா, சுற்றிப் போவதா என்ற தீர்மானத்தையும் துறையில் நின்று காற்றைப் பார்ப்பவரிடமே விடுங்கள்.

எங்கள் பக்கத்துக் கடமையையும் மறக்கவில்லை. ரத்தான கூட்டத்துக்கு வெயிலில் நடந்துவந்து பலநோக்கு மண்டப வாசலில் காத்திருக்கும் முதியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லியனுப்ப வேண்டியவர்கள் நாங்களே. அதற்கு அந்த அறிவித்தல் முதல்நாள் மாலைக்குள் எங்களுக்குக் கிடைக்க வேண்டும். அடுத்த மாரிக்கு முன் நடைபெறும் ஒருங்கிணைப்புக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவற்றைச் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கள உத்தியோகத்தர் ஒருவர்,
போரதீவுப்பற்று.