அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு வரி அச்சிடுங்கள்

ரத்தப் பரிசோதனைக் கூடங்களை நடத்துவோருக்கும், ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

சிஏ 19-9 என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளில் ஒன்றான சியாலில் லூயிஸ் ஏ-யைத்தான் அது அளக்கிறது. கணையப் புற்றுநோயில் கூடும். பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் கூடும். உங்களுக்கு இது தெரியும். என் அக்காவுக்குத் தெரியாது.

முழு உடல் பரிசோதனையில் இதையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கவில்லை. 37-க்குள் இருக்க வேண்டிய எண் ஏறியிருந்தது. சிவப்பில் தடித்த எழுத்து, மேலே ‘புற்றுநோய் மார்க்கர்’ என்ற தலைப்பு, வேறு ஒரு சொல் இல்லை. ரிப்போர்ட் இரவில் போனுக்கு வந்தது. ஸ்கேனில் கல்தான் என்று தெரியும்வரை அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளைகள் எதிரே சிரித்துப் பேசிவிட்டு, வங்கிக் கணக்கு விவரங்களை எழுதி என்னிடம் கொடுத்தார். கல்லை எடுத்த பிறகு எண் தானாக இறங்கிவிட்டது.

நான் கேட்பது இவ்வளவுதான்: ‘இந்த எண்ணை மட்டும் வைத்துப் புற்றுநோய் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது, மருத்துவரைப் பாருங்கள்’ என்று அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.

‘இல்லை என்றோ’ என்பதையும் விட்டுவிடாதீர்கள். நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இந்தச் சர்க்கரையைக் கட்டும் நொதியே வேலை செய்யாது. கணையத்தில் கட்டி வளர்ந்தாலும் அவர்களுக்கு எண் ஏறாமலே இருக்கலாம். வயிற்றுவலியும் எடைக்குறைவும் உள்ள ஒருவர் ‘நார்மல்’ என்பதைப் பார்த்து நிம்மதியாக வீட்டில் இருந்துவிட்டால்? அக்கா பட்ட பயத்தைவிட இது மோசம்.

சிகிச்சை பெறுபவருக்கு நோய் அடங்குகிறதா, திரும்புகிறதா என்று பார்க்க இந்தப் பரிசோதனை உதவுகிறது. அதை நான் குறை சொல்லவில்லை. நலமாக இருப்பவர்களிடம் அதை ஏன் விற்கிறீர்கள்? சினைப்பைப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் சிஏ 125-ம் அப்படித்தான். மாதவிலக்கிலும் கர்ப்பத்திலும்கூட ஏறக்கூடிய ஒன்றை, ‘பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை’ என்று தொகுப்பில் போடுவது எப்படி நியாயம்? பயத்தை வைத்து வியாபாரம் செய்யாதீர்கள்.

சரி, தொகுப்பை மாற்ற நாளாகும் என்றால் ஆகட்டும். அந்த இரண்டு வரியைச் சேர்க்க நாளாகாது. அடுத்த ரிப்போர்ட்டிலிருந்தே தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் தங்கை